நாரஹேன்பிட்டிக் கராஜ் ஒன்றில் கோல்ஃப் காருக்கு வாட்டர் பம்ப் மாற்றிய அனுபவம்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் கொழும்பில் பழைய ஐரோப்பிய கார் வைத்திருந்தவர்களில் பலர் அதை விற்கவும் மனமில்லாமல், புதிதாக வாங்கவும் வழியில்லாமல், திருத்தித் திருத்தியே ஓட்டினோம். என்னுடையது 2002 ஆம் ஆண்டுத் தயாரிப்பான நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், 1.8 லீற்றர் டர்போ எஞ்சின். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தைச் சுழன்று ஓடவிடும் வாட்டர் பம்பை நாரஹேன்பிட்டியில் உள்ள ஒரு சிறிய கராஜில் மாற்றினேன். அங்கே நடந்த வேலை, போட்ட பாகங்கள், கொடுத்த பணம், எனக்குத் திருப்தி தராத ஓரிரு விடயங்கள் ஆகியவற்றை இங்கே எழுதுகிறேன். கராஜை நடத்துபவர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்; தானும் ஓர் உதவியாளரும் மட்டுமே இருப்பதால் ஒரே நேரத்தில் இரண்டு வாகனங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அதை மதித்துப் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனாலும் இந்த வேலை எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பது தெரிந்திருந்தால், எந்தக் கராஜுக்குப் போனாலும் அதைக் கேட்டு வாங்கலாம் என்பதால் வேலையைச் சற்று விரிவாகவே விவரிக்கிறேன்.

பாடசாலை விடும் நேரத்தில், கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் வழியில், நெரிசலில் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் பிரச்சினை வெளிப்பட்டது. முதலில் ஏசியின் குளிர் நின்றது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் கணினி ஏசி கம்பிரசரை நிறுத்திவிடும் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை; ஏசியில் காஸ் முடிந்துவிட்டது என்றே எண்ணினேன். சில நிமிடங்களில் வெப்பமானியின் முள் நடுவிலிருந்து மேலே ஏறி, சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. பம்பலப்பிட்டியில் ஓர் ஒழுங்கைக்குள் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். அங்கே நின்ற ஓட்டோக்காரர்கள் இருவர் உதவும் நல்லெண்ணத்தோடு தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் தொட்டியின் மூடியில் கை வைத்துவிட்டார்கள். அவர்களைத் தடுத்ததுதான் அன்று நான் செய்த ஒரே சரியான காரியம். அந்தத் தொட்டி அழுத்தத்தில் இயங்குவது. மூடி ஏறத்தாழ 1.4 முதல் 1.6 பார் வரை தாங்கிய பின்னரே அழுத்தத்தை வெளியே விடும். அந்த அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, உள்ளே இருப்பது அத்தனையும் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஒரு மணி நேரம் காத்திருந்து, இழுவை வாகனத்தை அழைத்தேன்.

இங்கே வெப்பமானியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நம்பித்தான் நான் ஏமாந்தேன். இந்தக் காரில் முள் எப்போதும் 90 இல் ஆடாமல் நிற்கும். எல்லாம் நலம் என்று நாமும் நினைப்போம். உண்மையில் ஏறத்தாழ 75 பாகைக்கும் 105 பாகைக்கும் இடையில் கூலன்ட் எந்த வெப்பநிலையில் இருந்தாலும் முள் 90 இலேயே நிற்கும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. சிறு ஏற்ற இறக்கங்களைக் கண்டு ஓட்டுநர் பதறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் முள் அசைந்த பிறகு நமக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். எஞ்சின் கணினியின் எண்களை வாசிக்கும் ஸ்கேனரைப் பொருத்தி உண்மையான வெப்பநிலையைப் பார்க்கும் வழக்கம் எனக்கு இருந்திருந்தால், பல வாரங்களுக்கு முன்பே இந்தக் கோளாறு தெரிந்திருக்கும்.

கராஜை நடத்துபவர் சாவகச்சேரிப் பக்கத்தைச் சேர்ந்தவர். ஐம்பதை நெருங்கும் வயது. அண்ணை என்றுதான் அழைப்பேன். கார் வந்து இறங்கியதும் அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. ஆறிய எஞ்சினில் கூலன்ட் தொட்டியின் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, 1.5 பார் அழுத்தம் ஏற்றிவிட்டு, தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோதும் முள் அதே இடத்தில் நின்றது. வெளியே எங்கும் கசிவு இல்லை. அடுத்து, நீல நிறத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாயைத் தொட்டியின் வாயில் வைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டார். எஞ்சினுக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையில் இருக்கும் ஹெட் காஸ்கட் என்ற சீல் பழுதாகி, எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறும். மாறவில்லை. அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடங்கள் எனக்கு மிக நீளமாக இருந்தன, ஏனென்றால் ஹெட் காஸ்கட் போயிருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும்.

மூன்றாவது சோதனைதான் என்னை வியக்க வைத்தது. காருக்குள் ஏறி அமர்ந்து, ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருப்பினார். இத்தனை வருடங்களில் கொழும்பில் அந்தக் குமிழை அந்தப் பக்கம் நான் திருப்பியதே இல்லை. ஸ்கேனர் 98 பாகை காட்டியது, 101 காட்டியது. காற்றுத் துவாரத்தில் கை வைத்தால் வந்ததோ வெறும் வெதுவெதுப்பான காற்று. ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டர். எஞ்சினில் சூடான கூலன்ட் அதற்குள் ஓடினால்தான் சூடான காற்று வரும். எஞ்சின் கொதிக்கும்போது ஹீட்டர் குளிர்ந்திருக்கிறது என்றால் கூலன்ட் ஓடவில்லை என்று பொருள். “தம்பி, தண்ணி இருக்கு, ஆனா ஓடேல்லை. பம்ப் சுத்துற மாதிரித்தான் இருக்கும், உள்ளுக்க இருக்கிற விசிறி சுத்தாது. அதைவிட, ஏன் இப்பிடி ஆனது எண்டு பார்க்காமல் புதுசைப் போட்டா, அதுவும் போகும்” என்றார். எஞ்சினை உடனே நிறுத்தி, அதற்கு மேல் ஓடவிடவில்லை.

அந்த ‘ஏன்’ எனக்குத் தெரியும். 2021 இல், உதிரிப்பாகங்கள் கிடைப்பது கடினமாக இருந்த காலத்தில், வேறொரு கராஜில், வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் தவறாமல் இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றியிருந்தேன். அது எந்தக் கராஜ் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. நல்ல தயாரிப்பு என்று சொல்லிப் போட்ட பம்பின் பெட்டியை நான் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. கூலன்டும் அவர்களே ஊற்றினார்கள். பச்சை நிறமாக இருந்தது. இந்த எஞ்சினுக்கு ஜி12 எனப்படும் சிவந்த நிறக் கூலன்ட் ஊற்ற வேண்டும் என்பதும், பழைய ஜி12 மிச்சமிருக்கும்போது நீலப் பச்சை நிற ஜி11 வகையைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து பழுப்பாகிச் சேறு போல் திரளும் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது.

இந்த எஞ்சினில் வாட்டர் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். ஆகவே பம்பை மட்டும் தனியே கழற்றிவிட முடியாது. டைமிங் பெல்ட்டைக் கழற்றாமல் அதை அடைய வழி இல்லை. வலது முன்சக்கரமும் அதன் உள்மறைப்பும் கழன்றன. எஞ்சினை மேலிருந்து ஒரு குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டு, வலப்பக்க எஞ்சின் மவுன்டை எடுத்தார்கள். கிராங்க் புல்லியும் பெல்ட் மூடிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெல்ட்டைத் தொடுவதற்கு முன், பிஸ்டன்களால் சுழலும் கிராங்கையும் வால்வுகளைத் திறக்கும் கேம் சக்கரத்தையும் அவற்றின் குறிகளில் சரியாக நிறுத்தி, வெள்ளைப் பெயின்டால் மேலும் இரு குறிகள் போட்டார் அண்ணை. ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள், மொத்தம் இருபது; பெல்ட் தவறான பல்லில் ஏறினால் பிஸ்டன்கள் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரில் எண்ணெய் நிரம்பிய ஒரு சிறு உருளை இருக்கிறது. அதை நெம்புகோலால் அமுக்கித் தள்ளக் கூடாது. நீளமான எம்5 கம்பி ஒன்றை அதற்குரிய துளையில் முறுக்கி, நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருகி, இடையிடையே நிறுத்தி நிறுத்தி அமுக்கினார். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் சீல் கிழியும் என்றார். அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பம்பைப் பிடித்திருப்பவை மூன்றே மூன்று போல்ட்கள். அவற்றைக் கழற்றி அது வெளியே வந்தபோது கறுப்புச் சிலிக்கன் பசை விளிம்பெல்லாம் பிதுங்கி ஒட்டியிருந்தது. இந்தப் பம்புக்குச் சிலிக்கன் தேவையே இல்லை. ஒரு றப்பர் வளையம் மட்டும்தான் அதன் சீல், அதையும் கூலன்டில் நனைத்துவிட்டுப் பொருத்தினால் போதும். அண்ணை பம்பின் பல்சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரண்டு விரல்களால் உள்விசிறியைத் திருப்பினார். பிளாஸ்டிக் விசிறி அச்சின் மேல் தடையின்றிச் சுழன்றது. அதன் நடுத் துளையில் தலைமயிர் போன்ற ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வெளியே பல்சக்கரம் பெல்ட்டோடு ஒழுங்காகச் சுற்றிக்கொண்டே இருக்க, உள்ளே விசிறி வழுக்கி நின்றிருக்கிறது. கசிவும் இல்லை, சத்தமும் இல்லை. பம்பின் உடலில் தயாரிப்பாளரின் பெயரோ பகுதி இலக்கமோ எதுவும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. அதை என் கையில் தந்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். கழற்றிய பாகங்களை வாடிக்கையாளரிடமே கொடுப்பது அவர் வழக்கம். அதற்காகவே அவரிடம் மீண்டும் போவேன்.

பாகங்களை அண்ணையும் நானும் சேர்ந்தே வாங்கினோம். பஞ்சிகாவத்தையை அறியாத வாகனக்காரர் கொழும்பில் இருக்க மாட்டார். அங்கே கழற்றிய எஞ்சினிலிருந்து ஒற்றை ஆணி வரை கிடைக்கும். ஆனால் வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், டென்ஷனர் ஆகிய மூன்றையும் பாவித்த நிலையில் வாங்குவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவற்றின் மீதமுள்ள ஆயுளைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பது அவருடைய வாதம், அதை நானும் ஏற்கிறேன். செசி இலக்கத்தைக் கொடுத்து, இத்தாலியத் தயாரிப்பான கிராஃப் வாட்டர் பம்ப், உலோக விசிறி உள்ளது, ஒன்றை வாங்கினோம். பெட்டியைத் திறந்து, விசிறியை விரலால் தட்டிப் பார்த்து, அச்சைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்ட பிறகே அண்ணை பணத்தைக் கொடுக்கச் சொன்னார். பெல்ட், டென்ஷனர், உருளை மூன்றும் கொண்டிடெக் நிறுவனத்தின் ஒரே பெட்டியில் ஒன்றாக வந்தன. கூலன்டின் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தேர்மோஸ்டாட்டும், சிலிண்டர் தலையின் பக்கத்தில் கூலன்ட் குழாய்களை இணைக்கும் பிளாஸ்டிக் துண்டும் புதிதாக வாங்கினோம். அந்தப் பிளாஸ்டிக் துண்டு, கழற்றும்போது விளிம்பு உதிரும் அளவுக்கு நொறுங்கிப் போயிருந்தது.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றிய கழுவும் வேலை. பழைய கூலன்ட் வடிந்தபோது பால் விட்ட தேநீரின் நிறத்தில் இருந்தது. ஹெட் காஸ்கட் சோதனையை முன்பே செய்யாமல் இருந்திருந்தால், எண்ணெய் கலந்துவிட்டது என்று எண்ணி அன்றைக்கே எஞ்சினைப் பிரித்திருப்போம். ரேடியேட்டரையும் எஞ்சினையும் தனித்தனியே, கூலன்ட் ஓடும் திசைக்கு எதிர்த் திசையில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள். ஹீட்டரின் இரண்டு குழாய்களையும் கழற்றி, ஒன்றின் வழியே மெதுவாகத் தண்ணீரை விட்டார் உதவியாளர். அழுத்தம் கூடினால் ஹீட்டர் உள்ளேயே வெடித்து, டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டி வரும். முதலில் பழுப்பு நீர் வந்தது, பிறகு சேற்றுக் கட்டிகள், அவற்றோடு நகக்கண் அளவில் கறுப்புச் சிலிக்கன் துணுக்குகள் ஆறேழு. 2021 இல் விளிம்பில் அப்பிய பசைதான் உட்புறமாகவும் பிதுங்கி, உடைந்து, கூலன்டோடு பயணம் செய்து ஹீட்டரில் போய்ச் சிக்கியிருக்கிறது. தண்ணீர் தெளியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அரை நாள் இதிலேயே போனது. கடைசிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தினார்கள்.

புதிய பம்பைப் பொருத்தும்போது, அதன் உடலில் உள்ள அடைப்பு கீழ்நோக்கி இருக்கிறதா என்று பார்த்து, மூன்று போல்ட்களையும் டோர்க் ஸ்பானரால் 15 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினார். கையளவுக்கு இறுக்கினால் போதாதா என்று கேட்டேன். அலுமினியத்தில் அளவுக்கு மீறி இறுக்கினால் புரி கழன்றுவிடும் என்றார். பெல்ட் ஏறிய பிறகு சாவியைத் திருப்பவில்லை. கிராங்கை ஸ்பானரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று உதவியாளரையும் தனியே பார்க்கச் சொன்னார். இருவரும் ஒத்துக்கொண்ட பிறகே மூடிகள் ஏறின. ஜி12 வகையின் பிந்திய தயாரிப்பான ஊதா நிற ஜி12++ ஐ, காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார்கள். குளிர் இல்லாத ஊரில் தண்ணீர் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கூலன்ட் உறைவதைத் தடுப்பதற்கு மட்டும் உரியது அல்ல. அது கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினியமும் இரும்பும் அரிக்கப்படாமல் காக்கிறது, பம்பின் சீலுக்கு வழுவழுப்பும் தருகிறது. கொழும்பு வெயிலிலும் நெரிசலிலும் இவை மூன்றும் நமக்குத் தேவை. ஹீட்டரைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் விசிறி இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினார்கள். அந்த வெக்கையில் காருக்குள் உட்கார்ந்து ஹீட்டரிலிருந்து வந்த சூடான காற்றை முகத்தில் வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி சொல்லி மாளாது.

செலவுக்கு வருகிறேன். பம்ப் 18,500 ரூபாய். கொண்டிடெக் பெட்டி 42,000. தேர்மோஸ்டாட், பிளாஸ்டிக் இணைப்பு, றப்பர் வளையங்கள், எஞ்சின் மவுன்ட் போல்ட்கள் எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய்க்குச் சற்று மேல். கூலன்டும் வடித்த நீரும் 15,000. கூலி 35,000. பாகங்களுக்குக் கடையின் பில் என் பெயரிலேயே இருந்தது. இடையில் யாரும் பணம் வைக்கவில்லை. 2021 இல் இதைவிடக் குறைவாகக் கொடுத்தேன் என்பது உண்மை, ஆனால் அந்தப் பணம் முழுவதும் வீணானது.

குறைகளும் உண்டு. இரண்டு நாளில் முடியும் என்று சொன்ன வேலை நான்கு நாள் இழுத்தது. எஞ்சின் மவுன்ட் போல்ட்கள் ஒரு தடவை இறுக்கியதும் நீண்டுவிடும் வகை, மறுபடி பயன்படுத்தக் கூடாதவை. அவை தேவைப்படும் என்பதை அண்ணை முன்கூட்டியே சொல்லியிருந்தால், மற்றப் பாகங்களோடு சேர்த்து அவற்றையும் வாங்கியிருப்போம். மவுன்டைக் கழற்றிய பிறகு தேடத் தொடங்கியதால் ஒரு முழு நாள் வீணானது. அவரே பழைய போல்ட்களைப் போட மறுத்துக் காத்திருந்தார் என்பதால் கோபப்பட மனம் வரவில்லை. கையில் எண்ணெய் இருக்கும்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்; மாலை ஆறு மணிக்குப் பின்னர்தான் பேச முடியும். முதலில் மதிப்பீட்டை வாயால்தான் சொன்னார். எழுதித் தரும்படி கேட்ட பின் ஒரு கொப்பித் தாளில் விபரமாக எழுதி, திகதியும் போட்டுத் தந்தார். ஆறு மாத உத்தரவாதத்தையும் அதிலேயே குறித்தார். கேட்காமலே அதைச் செய்வாரானால் புதிதாக வருபவர்களுக்கு நம்பிக்கை கூடும்.

கார் கைக்கு வந்த இரண்டாம் வாரம் குடும்பத்தோடு கண்டிக்குப் போனோம். ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், ஏசி முழுவதும். கடுகண்ணாவ ஏற்றத்தில் ஒரு லொறியின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, என் மகன் மடியில் வைத்திருந்த தொலைபேசியில் ஸ்கேனரின் எண்ணை வாசித்துக்கொண்டே வந்தான்: 91, 93, 96, 94. உச்சிக்குப் போகும் வரை அது 97 ஐத் தொடவில்லை. இப்போது டாஷ்போர்டின் முள்ளைவிட அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன்.

ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் ஒரு தடவை காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். காலையில், எஞ்சின் ஆறியிருந்தபோது போனேன். அண்ணை தொட்டியின் மூடியைத் திறந்து, டோர்ச்சை உள்ளே அடித்து, “வந்து பாருங்கோ தம்பி” என்றார். ஊதா நிறம் கண்ணாடி போலத் தெளிந்து, தொட்டியின் அடி வரை தெரிந்தது. மட்டம் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. மிச்சக் காற்று வெளியேறியதால் வந்த குறைவு அது என்று சொல்லி, முன்பு கலந்து வைத்த போத்தலிலிருந்து நிரப்பினார். அதற்குப் பணம் வாங்கவில்லை.